பிரேக் மிதிக்கிற கால்

ஜனவரி 8

டாக்டர் இளவேனில் சொன்னதால் எழுதுகிறேன். தலைவலி, மயக்கம், கால் வீக்கம் எது வந்தாலும் தேதி போட்டுக் குறித்து வைக்க வேண்டுமாம். டயர் கடைக்காரர் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. இன்றைக்குத் தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, வீக்கம் இல்லை. மிச்சப் பக்கம் வீணாகிறதே என்று மற்றதையும் எழுதுகிறேன்.

சிங்காநல்லூரில் மணி டிரைவிங் ஸ்கூல் என்று போர்டு பார்த்திருப்பீர்கள். சாந்தாமணி என்கிற என் பெயரின் பின்பாதிதான் அந்த மணி. என் வீட்டுக்காரர் இருந்தவரை இரண்டு பேருமாக நடத்தினோம். அவர் போனபிறகு நானே நடத்தினேன். பாதிக் கோயமுத்தூருக்கு கிளச் விடச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று சொன்னால் கொஞ்சம்தான் பொய்.

தீபாவளிக்கு முந்தின வாரம், காலையில் ஷெட்டிலிருந்து காரைப் பின்னால் எடுத்தேன். கால் பிரேக்கின் மேல்தான் இருக்கிறது என்று நினைத்தேன். அது பிரேக்குக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. வண்டி எதிர்வீட்டு வாசலில் இருந்த சிமென்ட் தொட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. நல்லவேளை, அங்கே யாரும் இல்லை. இறங்கிச் செருப்பைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு ஜல்லிக்கல். வலது கட்டைவிரலில் புண். காலையிலிருந்து அந்தக் கல்லின்மேல்தான் நடந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

சர்க்கரை ஏறி ஏறிக் காலுக்குப் போகும் சின்ன ரத்தக் குழாயெல்லாம் சுருங்கிப்போய்விட்டதாம். அதனால்தான் மரத்துப்போகிறது, புண்ணும் ஆறமாட்டேன் என்கிறது. அன்றைக்கு ஸ்டீயரிங்கை விட்டவள்தான். இப்போது பாடமெல்லாம் ஸ்கூலில் எனக்கு உதவியாக இருந்த ஜெயப்பிரியா எடுக்கிறாள். கெட்டிக்காரிதான், ஆனால் ஒற்றை ஆள்.

"ஸ்கூலைக் கைமாத்தி விட்டுட்டு இங்க வந்துருங்கம்மா" என்கிறான் பெங்களூரில் இருக்கும் மகன் கோகுல். ஜூன் வரைக்கும் பொறு என்று சொல்லியிருக்கிறேன். ஜூனில்தான் ஆஸ்பத்திரியில் நான் சேர்ந்திருக்கும் இந்த மாத்திரை ஆராய்ச்சி முடிகிறது. இன்னும் கடைக்கு வராத மாத்திரை அது. ரத்தக் குழாயை விரிய வைக்குமாம். ஆனால் எனக்குக் கொடுத்திருப்பது நிஜ மாத்திரையா, ஒன்றுமில்லாத மாவு மாத்திரையா என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கடைசியில்தான் பிரித்துப் பார்ப்பார்களாம்.

சரி, பார்க்கலாம்.

ஜனவரி 9

ஒன்றுமில்லை. பாகற்காய்ப் பொரியல்.

ஜனவரி 22

ஆஸ்பத்திரியில் முதல் பரிசோதனை. வெறும் வயிற்றில் வரச் சொல்லிவிட்டார்கள், காபிகூடக் கூடாது. பக்கத்து நாற்காலியில் ஒரு ஆள், அறுபதைத் தாண்டியவர், நரைத்த மீசை, உட்கார்ந்த இடத்திலேயே காபிக்காகப் புலம்பிக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பி, "ஏனுங்க அம்மிணி, உங்களையும் பட்டினி போட்டுட்டாங்களா?" என்றார்.

என்னை அம்மிணி என்று யாராவது கூப்பிட்டு எத்தனையோ வருடம் ஆகிறது. எனக்குப் பிடிக்கவில்லை.

பரிசோதனை வேடிக்கையானது. பிரஷர் பார்க்கிற மாதிரிதான் கையில் பட்டையைக் கட்டுகிறார்கள். ஆனால் இறுக்கியது இறுக்கியபடி ஐந்து நிமிடம் விட்டுவிடுகிறார்கள். கை விறுவிறுத்து யாருடைய கையோ போல ஆகிவிடுகிறது. பிறகு சட்டென்று அவிழ்க்கிறார்கள். தேங்கி நின்ற ரத்தம் பாய்ந்து வரும்போது குழாய் எவ்வளவு அகலமாகிறது என்று ஸ்கேனில் பார்க்கிறார்கள்.

"குழாயோட உள்பக்கம் மெல்லிசா ஒரு தோல் இருக்குதுங்க" என்றார் டாக்டர் இளவேனில். என் மகன் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. "ரத்தம் வேகமா வந்தா அந்தத் தோல்தான் குழாயை விரியச் சொல்லும். உங்களுக்கு அது சொல்றதில்ல."

"என்ற மகன் சொன்னா நான் கேக்கறதில்ல, அந்த மாதிரிங்களா?"

சிரித்தார். ஆனால் நம்பர் நன்றாக இல்லை. காபிக்காரருக்கும் நன்றாக இல்லையாம். வெளியே வந்து, "ரெண்டு பேரும் ஃபெயிலுங்க" என்று என்னவோ பரிசு வாங்கினவர் மாதிரிச் சொன்னார். பெயர் நாச்சிமுத்து.

பிப்ரவரி 5

மாதத்துக்கு இரண்டு தடவை ஆஸ்பத்திரி. திரும்பும்போது நெரிசலில் ஊர்ந்த ஆட்டோவிலிருந்து பார்த்தேன். நாச்சிமுத்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போய்க்கொண்டிருந்தார். நான்கு கடை தாண்டுவார், நிற்பார், கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்வார். கடையில் எதையோ பார்க்கிற மாதிரி நடிப்பார். பிறகு நடப்பார். ஒரு தடவை அவர் நின்று பார்த்துக்கொண்டிருந்தது பெண்கள் வளையல் கடை.

வெயில் அதிகமாக இருந்ததால் ஆட்டோவை நிறுத்தி ஏறச் சொன்னேன். வெயில்தான் காரணம்.

"வண்டி ஓட்டிப் பழகுனா இந்த அலைச்சல் இல்லீங்களே" என்றேன். என் தொழில் புத்தி.

"ஆயிரம் பேரை உக்கார வெச்சு மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேனுங்க. கார் ஓட்டத் தெரியாது."

"புரியலீங்க."

"ரயில் டிரைவருங்க நானு. ரிட்டையர் ஆயிட்டேன். ரயிலுக்கு ஏதுங்க ஸ்டீயரிங்? தண்டவாளம் போற பக்கம் அதும்பாட்டுக்குப் போகும்."

நான் சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

போத்தனூரில் தனியாக இருக்கிறார். மனைவி தவறி மூன்று வருடம். மகள் நாக்பூரில். அவள் விட்டுப்போன கார் வாசலில் உறை போட்டு நிற்கிறதாம், அதன்மேல் பூனை குட்டி போட்டிருக்கிறதாம். ஸ்கூலில் வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னேன்.

பிப்ரவரி 16

ஜெயப்பிரியா கண் கலங்கி வந்து நின்றாள்.

"அக்கா, அந்த ரயில்காரரை என்னால முடியாதுக்கா. கிளச்சு, கியரு எல்லாம் நல்லாப் போடறாரு. வளைவு வந்தா மட்டும் திருப்பவே மாட்டீங்கறாரு. வண்டி தானாத் திரும்பும்னு உக்காந்திருக்காரு. எனக்கு உசுரு போயி உசுரு வருது."

நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேறு யார் இருக்கிறார்கள்?

பிப்ரவரி 19

மூடிக்கிடக்கிற மில்லின் மைதானம். ஆள் நடமாட்டம் கிடையாது. ரோட்டுக்குப் போவதில்லை, முதல் கியர் மட்டும்தான் என்று முடிவு. என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, ஆனால் இந்தக் காலை நான் நம்பவில்லை. ஹேண்ட்பிரேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ரயில்ல வளைவு வர்றது எப்படித் தெரியுமுங்க?"

"முன்னாலயே போர்டு வெச்சிருப்பாங்க. பார்த்து வேகத்தைக் குறைப்போமுங்க."

"இங்க நான்தான் போர்டு. குறைன்னா குறைங்க. திருப்புன்னா திருப்புங்க."

திருப்பினார். நடுவில் நின்ற வேப்பமரத்தை அழகாகச் சுற்றினார். திரும்பச் சுற்றினார். இன்னொரு தடவையும் சுற்றினார்.

"நேராக்குங்க!"

"அதை நீங்க சொல்லவே இல்லீங்களே!"

எனக்கு வயிறு வலிக்கும்வரை சிரிப்பு. அவர் வண்டியை நிறுத்தி இறங்கி மரத்துக்கு ஒரு கும்பிடு போட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், தீபாவளிக்குப் பிறகு நான் ஒரு காரில் முன்சீட்டில் உட்கார்ந்தது இன்றைக்குத்தான்.

பச்சைச் சேலை கட்டியிருந்தேன். இஸ்திரி போட்டு வந்தது அது ஒன்றுதான்.

மார்ச் 3

தலைவலி. லேசாக, காதோரம் சூடு. குழாயை விரிக்கிற நிஜ மாத்திரை என்றால் தலை வலிக்குமென்று வராந்தாவில் பேச்சு. டாக்டரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார். முகத்தில் எதையும் காட்டவில்லை. நாச்சிமுத்து என்னிடம், "உங்களுக்குத் தலை வலிக்குதுங்களா? எனக்கு வலிக்கவே மாட்டீங்குதே" என்றார். தலை வலிக்கவில்லையே என்று வருத்தப்படுகிற மனிதரை முதன்முதலாகப் பார்க்கிறேன்.

மார்ச் 21

இரண்டாவது பரிசோதனை. பட்டையை அவிழ்த்ததும் ஸ்கேன் எடுக்கிற பெண் திரையைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள், சிரிப்பை அடக்கி உதட்டைக் கடித்துக்கொண்டாள். நம்பரை என்னிடம் சொல்லக் கூடாதாம். சொல்லவில்லை. ஆனால் அந்த உதடு போதும்.

கட்டைவிரல் புண் மூடிவிட்டது. டாக்டரே குனிந்து விரலைப் பிடித்துப் பார்த்தார். புதுத் தோல் குழந்தையின் தோல் மாதிரி இருக்கிறது. நான் ஒழுங்காக நடப்பதும், செருப்பைத் தட்டிப் பார்த்துப் போடுவதும், சோற்றைக் குறைத்ததும்கூடக் காரணம்தான் என்றார். எதனால் என்று இப்போதே சொல்ல முடியாதாம். எதனால் ஆனால் என்ன, மூடிவிட்டது.

நாச்சிமுத்து பரிசோதனை முடிந்து வந்தார். அவருக்கு யாரும் உதட்டைக் கடிக்கவில்லையாம். என் விரலைப் பற்றிச் சொன்னதும் முகமெல்லாம் மலர்ந்து, கேன்டீனில் எல்லோருக்கும் சர்க்கரை இல்லாத காபி சொன்னார்.

ஏப்ரல் 6

பேரூர்க் கோயிலுக்குப் போனேன். நாச்சிமுத்துவும் அங்கே வந்திருந்தார். தற்செயல்தான். காலையில் போனில் பேசும்போது நான் போகிறேன் என்று சொல்லியிருந்தேன், அவ்வளவுதான்.

பங்குனி வெயில். பிராகாரத்தில் விரித்திருந்த பாயைவிட்டு ஒரு அடி வெளியே கால் வைத்தேன்.

சுட்டது.

முதலில் புரியவில்லை. காலை எடுத்து மறுபடி வைத்தேன். வலது கால், அதே கட்டைவிரல். சுரீரென்று சுட்டது! "சுடுதுங்க! எனக்குச் சுடுதுங்க!" என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தார்கள். நான் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே கல்லில் நிற்கிறேன். நாச்சிமுத்து என் கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்தார். "சுடுதுன்னா நகரோணும், அம்மிணி! சாமி கும்புடற மாதிரி நின்னுட்டு இருக்கறீங்க!"

அவருக்கும் கண் கலங்கியிருந்தது. பிடித்த கையை விட மறந்துவிட்டார். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

ஏப்ரல் 7

வெறுங்காலில் சூட்டில் நின்றதற்கு டாக்டரிடம் நல்ல திட்டு. தலையைக் குனிந்துகொண்டு வாங்கினேன். குனிந்தது சிரிப்பை மறைக்க.

ஏப்ரல் 28

டாக்டர் அதிர்கிற கம்பி ஒன்றைக் கால் விரலில் வைத்து, எப்போது நிற்கிறது என்று கேட்டார். சரியாகச் சொன்னேன். கண்ணை மூடச் சொல்லி விரலை மேலே, கீழே அசைத்துக் கேட்டார். அதையும் சொன்னேன். ஓட்டலாம், முதலில் மைதானத்தில் பழகிவிட்டு ரோட்டுக்குப் போங்கள் என்றார்.

நேராக மில் மைதானம். ஜெயப்பிரியா பக்கத்தில் உட்கார, நான் ஓட்டினேன். போனேன், நிறுத்தினேன். போனேன், நிறுத்தினேன். பிரேக் பெடலில் ரப்பர் தேய்ந்த இடம்கூடச் செருப்பு வழியாகத் தெரிகிறது. "அக்கா, போதும், வெயில்" என்றாள் ஜெயப்பிரியா. எனக்குப் போதவில்லை.

கோகுல் போன் பண்ணினான். "என்னம்மா, குரலே மாறியிருக்கு?" என்றான். சளி என்று சொன்னேன்.

மே 12

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் நாச்சிமுத்துவைக் காணவில்லை. அவர் நேரம் தவறுகிறவர் இல்லை. போன் போட்டேன். "ஒண்ணுமில்லீங்க, இடது கால் விரல் கொஞ்சம் நீலமா இருக்குது. படுத்திருந்தாலும் வலிக்குது. ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கேன், இன்னும் வரலீங்க" என்றார். சாதாரணமாகப் பேசப் பார்த்தார், ஆனால் மூச்சு வாங்கியது.

டாக்டரிடம் ஓடினேன். "தாமதிக்கக் கூடாது, உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். ஜெயப்பிரியா ஒரு பெண்ணை லைசென்ஸ் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போயிருந்தாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம்; என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர் வேறு சவாரி இருக்கிறது, போத்தனூர் வர முடியாது என்று வீட்டு ஷெட்டு வரைக்கும் மட்டும் கொண்டுவிட்டார். சாவியை எடுத்தேன். உட்கார்ந்தேன். பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கால் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது.

போத்தனூரில் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தார். வேட்டியும் சட்டையும் மாற்றி, தலை சீவி. காரை ஓட்டிவந்தது நான்தான் என்று பார்த்ததும் எழுந்து நிற்கவே பார்த்தார்.

"நீங்களா ஓட்டிட்டு வந்தீங்க?"

"பேசாம ஏறுங்க."

வழியெல்லாம் நெரிசல். வலி தாங்காமல் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேசுங்க என்றேன். என்ன பேசுவது என்றார். ரயிலில் என்ன பேசுவீங்க என்றேன். சிக்னலைத்தான் பேசுவோம் என்றார். டிரைவர் கையை நீட்டிச் சொல்ல வேண்டும், கூட இருக்கும் உதவி டிரைவர் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் இரண்டு பேரும் பார்த்ததாக அர்த்தமாம்.

"சரி, சொல்லுங்க."

உக்கடத்தில் ஆரம்பித்தார். கையை நேராக நீட்டி, "சிகப்பு!"

"சிகப்பு!" நிறுத்தினேன்.

"பச்சை!"

"பச்சை!"

சுங்கம் ரவுண்டானாவில் பக்கத்து ஸ்கூட்டர்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். நாங்கள் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தார்கள். வண்டியைக் கோடு தாண்டாமல் நிறுத்தினேன். அவரைத் தூக்கிப் படுக்க வைக்கும்போது, "நல்ல டிரைவருங்க" என்று வார்டு பாயிடம் என்னைக் காட்டிச் சொன்னார்.

தொடைக்குக் கீழே பெரிய குழாயில் அடைப்பு. ஊசித்துளை வழியாகப் பலூன் விட்டு விரித்து, சின்னக் கம்பிவலை வைத்துவிட்டார்கள். வெளியே நர்ஸ் கேட்டாள், "நீங்க பேஷன்டுக்கு என்ன வேணும்?"

"டிரைவிங் மாஸ்டர்" என்றேன்.

மே 13

விரல் சிவந்துவிட்டது. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. அவர் தூங்குகிறார் என்று நினைத்துத்தான் தொட்டேன்.

"எனக்கும் தெரியுதுங்க" என்றார், கண்ணைத் திறக்காமலே.

மே 19

நாக்பூரிலிருந்து மகள் வந்திருக்கிறாள். மாதங்கி. என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பிறகு, "அப்பா போன்ல வேப்பமரக் கதையை எனக்குப் பத்து தடவை சொல்லிட்டாருங்க" என்றாள். நான் ராகிக் கஞ்சித் தூக்குப்போசியைத் திறந்து மூடித் திறந்தேன்.

ஜூன் 15

கடைசிப் பரிசோதனை முடிந்தது. கோகுல் பெங்களூரிலிருந்து வந்துவிட்டான், என்னைக் கூட்டிப்போக. பெட்டிகூடக் கொண்டுவந்திருந்தான். மத்தியானம் அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் ஹாரன். நாச்சிமுத்து மகளின் காரில், ஜெயப்பிரியா பக்கத்தில் உட்கார, போத்தனூரிலிருந்து தானே ஓட்டி வந்திருந்தார். வளைவெல்லாம் திருப்பி.

நான் கை கழுவாமலே வாசலுக்கு ஓடினேன் போலிருக்கிறது. கோகுல்தான் பிறகு சொன்னான்.

சாயங்காலம் மெதுவாகக் கேட்டான். "அம்மா, அவரு யாரு?"

"எல் போர்டு."

"அதில்லம்மா."

நான் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். அவன் பக்கத்தில் வந்து நின்று, துலக்கியதை வாங்கித் துடைக்க ஆரம்பித்தான். "நீங்க இப்படி ஓடி நான் பார்த்து ரொம்ப வருஷமாச்சும்மா. கால் சரியானதுல ஓடறீங்கன்னு நினைச்சேன். கால் மட்டும் இல்லைன்னு தெரியுது. எனக்குச் சந்தோசம்தான்" என்றான்.

காலிப்பெட்டியோடு ஊருக்குப் போனான். பாதி காலி. மீதியில் முறுக்கு.

ஆகஸ்ட் 23

நாச்சிமுத்து லைசென்ஸ் டெஸ்ட் பாஸ். இன்ஸ்பெக்டர், "இந்த வயசுல இவ்வளவு நிதானமா யாரும் ஓட்டினதில்லை" என்றாராம். ஜெயப்பிரியா விசிலடித்தாள்.

திரும்பும் வழியில் இளநீர்க் கடையோரம் நிறுத்தினார். இன்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, ஒழுங்காக. எனக்கு இளநீர் வேண்டாம் என்றேன். அவருக்கும் வேண்டாமாம். வண்டி நின்றது நின்றபடி.

"பாடம் முடிஞ்சு போச்சுங்களே" என்றார்.

"ஹைவே பாக்கி இருக்குதுங்க. மேடு ஏத்தறது இருக்குது."

"அதுக்கப்புறம்?"

நான் ஹேண்ட்பிரேக் ஏறியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அவர் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மாதங்கிகிட்டக் கேட்டுட்டேன். உங்க பையன்கிட்டயும் கேட்டுட்டேன். ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க. உங்களைக் கேக்கத்தான் பயமா இருக்குதுங்க, அம்மிணி."

வெளியே எவனோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். சரி என்றேன். இதோ, எழுதிவிட்டேன். பச்சைச் சேலையைப் பற்றி எழுதியதெல்லாம் பொய். பீரோ நிறைய இஸ்திரி போட்ட சேலை இருந்தது.

நவம்பர் 30

எல்லோருடைய பரிசோதனையும் முடிந்து, கணக்குப் பார்த்து, யாருக்கு எந்த மாத்திரை என்று பிரித்துவிட்டார்கள். எங்களை ஒன்றாகவே கூப்பிட்டார் டாக்டர் இளவேனில்.

"நிஜ மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு மொத்தத்துல குழாய் நல்லா விரியுதுங்க. எல்லாருக்கும்னு சொல்ல மாட்டேன். இன்னும் நிறையப் பேர்கிட்டப் பார்க்கோணும். ஆனா நல்ல ஆரம்பம்" என்றார். சொல்லும்போதே அவருக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. வருடக்கணக்கான உழைப்பாம். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். எனக்குக் கிடைத்தது நிஜ மாத்திரை.

நாச்சிமுத்துவுக்கு மாவு.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டரும் அதைத் தயங்கித்தான் சொன்னார். அடுத்த கட்டத்தில் அவருக்கு நிஜ மாத்திரையே கொடுப்பார்களாம். நாச்சிமுத்து கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார்.

"டாக்டரம்மா, மாவைச் சாப்பிட்டுட்டு எனக்குக் கெடைச்சதைப் பாருங்க" என்று என்னைக் காட்டினார். "நிஜ மாத்திரை சாப்பிட்ட இவங்களுக்குப் பாவம், நான்தான் கெடைச்சேன்."

டிசம்பர் 19

போன வாரம் ரிஜிஸ்டர் ஆபீஸில் முடித்துக்கொண்டோம். கோகுலும் மாதங்கியும் சாட்சி. ஜெயப்பிரியா இப்போது ஸ்கூலில் பங்குதாரர், போர்டில் அவள் பெயரும் ஏறிவிட்டது. தலைவலி இல்லை.

இன்றைக்கு அவர் ஓட்ட, பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போனோம். மற்றவர் ஓட்டுகிற வண்டியில் நான் கண் அசந்ததே கிடையாது. தொழில் அப்படி. பக்கத்தில் யார் ஓட்டினாலும் என் கால் தன்னால் பிரேக்கைத் தேடும், கண் வண்டியின் பின்பார்வைக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருக்கும். இவர் ஓட்டும்போது கிணத்துக்கடவு தாண்டியது ஞாபகம் இருக்கிறது. அவர் ஏதோ ரயில் கதை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு தெரியாது.

விழித்துப் பார்த்தால் வண்டி ஒரு புளியமரத்து நிழலில் நின்றிருந்தது. கண்ணாடியெல்லாம் இறக்கிவிட்டு, என் பக்கம் வெயில் படாமல் துண்டைச் சொருகியிருந்தார். அணை வந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

"எழுப்பியிருக்கலாமுங்களே" என்றேன்.

"நல்லாத் தூங்குனீங்க" என்றார்.